ஜெர்மனில மாஸ்டர்ஸ்: மோட்டிவேஷன் லெட்டர்ல ஆரம்பிச்சு பார்ட் டைம் வேலைக்கான கவர் லெட்டர் வரைக்கும், படிப்படியா

வருஷா வருஷம் டிசம்பர் பொறந்தா போதும், என் வாட்ஸ்அப்புக்கு பிடிஎஃப் வர ஆரம்பிச்சுடும். "அண்ணா எஸ்ஓபி எழுதிருக்கேன், ஒரே ஒரு தடவ பாத்து சொல்லுங்கண்ணா"ன்னு ஜூனியர்ஸ், ஜூனியரோட ஃப்ரெண்டு, எங்க சித்தி வீட்டுக்கு எதிர் வீட்டுப் பையன், இப்படி யார் யாரோ அனுப்புவாங்க. எஸ்ஓபின்னா ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ், யுனிவர்சிட்டி அட்மிஷனுக்கு எழுதுற மோட்டிவேஷன் லெட்டர்தான். நானும் இதே மாதிரி ஜெர்மனில கெம்னிட்ஸ்ங்கற ஊர்ல மாஸ்டர்ஸ் படிக்கப் போனவன்தான், எனக்கும் நாலு சீனியர்ஸ் பாத்துக் குடுத்தாங்க, அதனால முடியாதுன்னு சொல்றதில்ல. ஆனா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அதே விஷயத்த டைப் பண்ணி விரல் தேஞ்சு போச்சு, அதான் மொத்தமா ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு.

முதல்ல ஒண்ணு. எங்க காலத்துல பத்தாங்கிளாஸ் தமிழ் ரெண்டாம் தாள்ல கடிதம் எழுதுவோம் ஞாபகம் இருக்கா? அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை, ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்கு தங்கள் கீழ்ப்படிதலுள்ள. நமக்கு லெட்டர்னா அதுதான், மனு. மேல ஒருத்தர் இருக்காரு, அவரு மனசு வெச்சா நமக்கு கிடைக்கும். எனக்கு வர்ற எஸ்ஓபில பத்துக்கு எட்டு அந்த மனுதான், இங்கிலீஷ்ல இருக்கு அவ்ளோதான். "உங்கள் மதிப்புமிக்க பல்கலைக்கழகத்தில் படிக்க ஒரு வாய்ப்பு தந்தால் வாழ்நாள் முழுக்க கடமைப்பட்டிருப்பேன்." ஜெர்மன் ப்ரொஃபசருக்கு நீங்க கடமைப்பட்டு என்ன ஆகப்போகுது? அவருக்கு தெரிய வேண்டியது இந்த ஆளு நம்ம கோர்ஸ முடிப்பானா, நடுவுல ஓடிடுவானான்னுதான். கம்பெனிக்கு எழுதுற கவர் லெட்டரும் அதேதான், அங்க கேள்வி மட்டும் வேற. இத மனசுல வெச்சுக்கிட்டு கீழ படிங்க.

1. காலண்டர எடுத்து பின்னாடி இருந்து எண்ணுங்க

விண்டர் செமஸ்டர் அக்டோபர்ல ஆரம்பிக்கும். நெறய யுனிவர்சிட்டிக்கு கடைசி தேதி ஜூலை 15ன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அத நம்பி உக்காந்தீங்கன்னா போச்சு, ஏன்னா நல்ல இங்கிலீஷ் மீடியம் கோர்ஸ்ல பாதி மார்ச்ல இருந்து மே மாசத்துக்குள்ளயே மூடிடும். டிஏஏடிங்கற ஜெர்மன் கல்வி பரிமாற்ற அமைப்போட வெப்சைட்ல இன்டர்நேஷனல் ப்ரோக்ராம்ஸ்னு ஒரு தேடுற பக்கம் இருக்கு, அதுல கோர்ஸ் புடிங்க, ஆனா தேதிய யுனிவர்சிட்டியோட சொந்த பக்கத்துல போய் பாருங்க, கன்சல்டன்சி குடுக்கற எக்செல் ஷீட்ட பாக்காதீங்க.

அதுக்கு முன்னாடி ஏபிஎஸ் சர்டிஃபிகேட். 2022 நவம்பர் 1ல இருந்து இந்தியால படிச்சவங்க ஜெர்மன் ஸ்டூடன்ட் விசாவுக்கு போறதுக்கு இது கட்டாயம். டெல்லில இருக்கற ஏபிஎஸ் ஆபிஸ் உங்க மார்க் ஷீட், சர்டிஃபிகேட் எல்லாம் ஒரிஜினல்தானான்னு சரிபாத்து குடுக்கும், ஃபீஸ் 18,000 ரூபாய். ஃபைனல் இயர்ல இருக்கறப்பவே, வந்திருக்கற மார்க் ஷீட்ட வெச்சு அப்ளை பண்ணலாம், டிகிரி வரட்டும்னு காத்திருக்காதீங்க. இப்பல்லாம் யுனிவர்சிட்டிங்களும் அப்ளிகேஷனோடயே இத கேக்குது. அதனால அடுத்த அக்டோபர்ல போகணும்னா இந்த தீபாவளிக்குள்ள ஏபிஎஸ் போட்டிருக்கணும்னு கணக்கு வெச்சுக்கங்க.

அரியர் இருந்துச்சுன்னா அந்த பழைய மார்க் ஷீட்டையும் சேத்து வைங்க. ஒரு தம்பி ஃபெயிலான மார்க் ஷீட்ட மட்டும் நைசா விட்டுட்டு அனுப்பிட்டான், அப்புறம் அத கேட்டு மெயில் வந்து, காலேஜ் ஆபிஸ்ல தேடி எடுத்து, ஒன்றரை மாசம் போச்சு.

2. உங்க சிஜிபிஏ அங்க என்ன ஆகும்

ஜெர்மனில 1.0 தான் பெஸ்ட், 4.0 பாஸ், அதுக்கு மேல போனா ஃபெயில். நம்ம மார்க்க மாத்த மாடிஃபைட் பவேரியன் ஃபார்முலான்னு ஒண்ணு இருக்கு. அதிகபட்ச மார்க்ல இருந்து உங்க மார்க்க கழிங்க, அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால வகுங்க, மூணால பெருக்கி ஒண்ண கூட்டுங்க. 8.2 சிஜிபிஏ, அதிகபட்சம் 10, பாஸ் 5ன்னு வெச்சுக்குவோம்: 1.8ஐ 5ஆல வகுத்தா 0.36, மூணு மடங்கு 1.08, ஒண்ண கூட்டுனா 2.08. 2.5க்குள்ள வேணும்னு கேக்கற கோர்ஸுக்கு இது தாராளம். பாஸ் கிரேடு பாயின்ட் எதுன்னு உங்க ரெகுலேஷன்ல பாத்து போடுங்க, அது மாறுனா விடையே மாறும்.

ஆனா மார்க்க விட பெரிய விஷயம் சிலபஸ். நம்ம ஆளுங்க 9 சிஜிபிஏ வெச்சிருந்தும் ரிஜெக்ட் ஆனா "பாலிடிக்ஸ்ணா"ம்பாங்க. பாலிடிக்ஸ்லாம் ஒண்ணும் இல்ல. மேத்ஸ்ல இத்தன கிரெடிட், மெக்கானிக்ஸ்ல இத்தன கிரெடிட் படிச்சிருக்கணும்னு கோர்ஸ் ரெகுலேஷன்லயே போட்டிருப்பாங்க, அங்க ஒருத்தர் உக்காந்து உங்க மார்க் ஷீட்டயும் அந்த லிஸ்ட்டயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு கணக்கு போடுவாரு, கம்மியா இருந்தா எவ்ளோ நல்ல லெட்டர் எழுதுனாலும் கதவு திறக்காது. அவங்க கணக்குல ஒரு வருஷத்துக்கு 60 ஈசிடிஎஸ் (ஐரோப்பிய கிரெடிட்), ஒரு ஈசிடிஎஸ்னா 25ல இருந்து 30 மணி நேர வேலை. அதனால ஒரு பேப்பர எடுத்து இடது பக்கம் அவங்க கேக்கற பாடம், வலது பக்கம் நீங்க படிச்ச பாடம்னு கோடு போட்டு எழுதுங்க. இத செஞ்சாலே பத்து கோர்ஸ் லிஸ்ட் அஞ்சா சுருங்கிடும், அந்த அஞ்சுக்குதான் காசும் நேரமும் செலவு பண்ணணும்.

காசுன்னு சொன்னதால: நெறய யுனிவர்சிட்டிக்கு யூனி அசிஸ்ட்ங்கற பொது அப்ளிகேஷன் அமைப்பு வழியாதான் போகணும், ஒரு செமஸ்டருக்கு முதல் அப்ளிகேஷன் 75 யூரோ, அடுத்தடுத்தது 30 யூரோ, சரிபாக்க நாலுல இருந்து ஆறு வாரம் எடுத்துப்பாங்க. கடைசி நாள் ராத்திரி அப்லோட் பண்ணிட்டு, ஏதாவது பேப்பர் விட்டுப் போயிருந்தா திருத்த நேரமே இருக்காது.

3. மோட்டிவேஷன் லெட்டர்

இங்கதான் நான் ரொம்ப நேரம் நிக்கப் போறேன்.

மொத வேலை, லேப்டாப்ப மூடி வைங்க. நெசமா. ஃபோன எடுத்து உங்க க்ளோஸ் ஃப்ரெண்டுக்கு தமிழ்ல ஒரு வாய்ஸ் நோட் போடுங்க: நாலு வருஷத்துல நான் கைய வெச்சு செஞ்ச ஒரு வேலை என்ன, அதுல எங்க முட்டிச்சு, அத எப்படி தாண்டுனேன், எது இன்னும் புரியல. அஞ்சு நிமிஷம். அப்புறம் அத நீங்களே கேட்டு எழுதுங்க. சாட்ஜிபிடிகிட்ட மொதல்லயே போனீங்கன்னா அது வழவழன்னு ஒண்ணு குடுக்கும், படிக்க நல்லாதான் இருக்கும், ஆனா அதுல நீங்க இருக்க மாட்டீங்க, இப்ப எனக்கு வர்ற லெட்டர் பாதிக்கும் மேல ஒரே வாசனை அடிக்குது, ஒரு சீசனுக்கு நூத்துக்கணக்குல படிக்கற ப்ரொஃபசருக்கு அடிக்காதா. இலக்கணம் திருத்தறதுக்கு கடைசில வேணா அதுகிட்ட குடுங்க.

ஒரு உதாரணம் சொல்றேன். சிவகாசி பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி, மெக்கானிக்கல், மெஷின் டைனமிக்ஸ் சம்பந்தமான மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்ணா. அவ அனுப்புன முதல் டிராஃப்ட்டோட முதல் பாராவ தமிழ்ல சொன்னா இதுதான்:

"சிறு வயதிலிருந்தே இயந்திரங்கள் மீது எனக்கு தீராத ஆர்வம். பொம்மை கார்களை பிரித்துப் பார்ப்பேன். இந்த ஆர்வமே என்னை பொறியியல் படிக்கத் தூண்டியது. உலகின் பொறியியல் தலைநகரமான ஜெர்மனியில், உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் படிப்பது என் கனவு."

பொம்மை கார பிரிக்காத மெக்கானிக்கல் ஸ்டூடன்ட்ட நான் இன்னும் ஒரு எஸ்ஓபிலயும் பாக்கல. சரின்னு ஃபோன் பண்ணி பேசுனேன். காலேஜ் ப்ராஜெக்ட் என்னம்மான்னா, அது டீம்ல நாலு பேரு, வெளில வாங்குனது அண்ணான்னு உண்மைய சொல்லிட்டா. வேற எதுவுமே பண்ணலையான்னு நோண்டுனா மெல்ல ஒண்ணு வந்துச்சு. அவங்க மாமாவோட ஆஃப்செட் பிரஸ்ல ஒரு மெஷின்ல கலர் மேல கலர் சரியா உக்காராம தள்ளிப் போயிட்டே இருந்திருக்கு, காலண்டர் சீசன் வேற, மாமா ஆபரேட்டர திட்டிட்டு இருந்திருக்காரு. இவ ஃபோன்ல இருக்கற, அதிர்வ அளக்கற ஆக்சிலரோமீட்டர் ஆப்ப ஓட விட்டு ஃபோன மெஷின் பாடி மேல டேப் போட்டு ஒட்டி, அந்த டேட்டாவ மேட்லேப் சாஃப்ட்வேர்ல போட்டு பாத்து, ஒரு ரோலர் பக்கம் மட்டும் அதிர்வு ஜாஸ்தியா இருக்கறத கண்டுபுடிச்சிருக்கா. அந்த பேரிங்க மாத்துனதும் சரியாயிடுச்சு.

"ஏம்மா இத எழுதல?"

"அண்ணா அது சும்மா வீட்டு வேலண்ணா, சர்டிஃபிகேட்லாம் இல்ல."

சர்டிஃபிகேட் இல்லாத வேலைய வேலையாவே நாம மதிக்கறதில்ல, அதான் கொடுமை. அப்புறம் அவளே உக்காந்து எழுதுனது, இதையும் தமிழ்லயே தர்றேன்:

"2023 அக்டோபரில் என் மாமாவின் அச்சகத்தில் ஒரு நான்கு வண்ண ஆஃப்செட் இயந்திரத்தில் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போயின. கைபேசியின் ஆக்சிலரோமீட்டரை வைத்து ஐந்து இடங்களில் அதிர்வை அளந்தேன். ஒரு ரோலரின் முனையில் மட்டும் வேறெங்கும் இல்லாத ஒரு அதிர்வெண் தெரிந்தது. பேரிங் மாற்றியதும் அது மறைந்தது. ஆனால் தேய்மானம் எப்போது தொடங்கியது என்பதை என்னால் சொல்ல முடியவில்லை, கைபேசி சென்சாரின் வேகம் அதற்குப் போதவில்லை. உங்கள் இரண்டாம் செமஸ்டர் பாடமான இயந்திர நிலை கண்காணிப்பில் இந்தக் கேள்விக்கான கருவிகள் கற்பிக்கப்படுகின்றன."

ரெண்டையும் பக்கத்துல வெச்சு படிங்க. ரெண்டாவதுல ஆர்வம்னு ஒரு வார்த்தை கூட இல்ல. எனக்கு ரொம்ப புடிச்சது அந்த "என்னால சொல்ல முடியல"ங்கற வரிதான், ஏன்னா தெரியாதத ஒத்துக்கிட்ட எடத்துலதான் அவ ஏன் படிக்கப் போறாங்கறதுக்கு காரணமே கிடைக்குது. இதே மாதிரி உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கும். எலெக்ட்ரிகல் பையன் ஊர்ல மோட்டார் ஸ்டார்ட்டர் அடிக்கடி எரியறத பாத்திருப்பான், சிவில் பொண்ணு சொந்த வீடு கட்டறப்ப கம்பி கணக்குல மேஸ்திரிகிட்ட சண்ட போட்டிருப்பா.

இனி லெட்டரோட எலும்புக்கூடு. முதல் பாரா இந்த மாதிரி ஒரு வேலை. ரெண்டாவது பாரா, அதுக்கு அடித்தளமா காலேஜ்ல படிச்ச ரெண்டு மூணு பாடம், மார்க் ஷீட்ல இருக்கறத திரும்ப ஒப்பிக்காம, எந்த பாடம் எங்க உதவுச்சுன்னு. மூணாவது பாராதான் எல்லாரும் கோட்டை விடற எடம், ஏன் இந்த கோர்ஸ். இதுக்கு அவங்க மாட்யூல் ஹேண்ட்புக்க டவுன்லோட் பண்ணி உக்காந்து படிக்கணும், மாட்யூல் ஹாண்ட்புக்னு ஜெர்மன்ல தேடுனாலே பிடிஎஃப் கிடைக்கும், எந்த பாடம் எந்த செமஸ்டர், யார் நடத்தறாங்க, லேப் என்னன்னு எல்லாம் இருக்கும். ரெண்டு பாடத்த பேர் சொல்லி, அது உங்க கேள்வியோட எங்க சேருதுன்னு எழுதுங்க. நாலாவது பாரா, முடிச்சிட்டு என்ன பண்ணப் போறீங்க, மூணு வரி போதும். மொத்தம் ஒரு பக்கம், மிஞ்சிப் போனா ஒன்றரை. அவங்க வார்த்தை கணக்கு குடுத்திருந்தா அத தாண்டவே தாண்டாதீங்க.

அரியர், கேப் இதெல்லாம் இருந்தா மறைக்க வேணாம், கதையும் அளக்க வேணாம். "மூணாவது செமஸ்டர்ல அப்பாவுக்கு ஆபரேஷன், ரெண்டு பேப்பர் போச்சு, அடுத்த செமஸ்டர்லயே எழுதி முடிச்சேன்." தீந்துச்சு.

விசா ஃபைலுக்கும் ஒரு மோட்டிவேஷன் லெட்டர் வெக்கணும். யுனிவர்சிட்டிக்கு எழுதுனதையே அப்படியே வெச்சுடாதீங்க. கான்சுலேட்ல இருக்கறவருக்கு பேரிங் அதிர்வெண் எதுக்கு? அவரு பாக்கறது இந்த ஆளு உண்மையிலயே படிக்கத்தான் போறாரா, முந்தின படிப்புக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கா, செலவுக்கு என்ன வழி, ரெண்டு வருஷம் சும்மா இருந்தாரே ஏன். அதுக்கு நேர் பதில் எழுதுங்க. ரெண்டு லெட்டருக்கும் கடைசில தேதி போட்டு கையெழுத்து.

4. எல்ஓஆர் (ரெக்கமண்டேஷன் லெட்டர்), சிவி

நம்ம காலேஜ்ல ப்ரொஃபசர்கிட்ட ரெக்கமண்டேஷன் கேட்டா "நீயே எழுதிட்டு வாப்பா, சைன் போட்டு தர்றேன்"ம்பாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். இதுல மாட்டறது எப்படின்னா, மூணு ப்ரொஃபசர் லெட்டரும் ஒரே ஆள் எழுதுன மாதிரியே இருக்கும், அதே எஸ்ஓபில இருக்கற வாக்கியம் வேற. அதுக்கு பதிலா ஒரு பக்கத்துல பாயின்ட்ஸ் எழுதிக் குடுங்க: சார், உங்க லேப்ல நான் இந்த எக்ஸ்பெரிமென்ட் பண்ணேன், நீங்க இந்த கேள்வி கேட்டீங்க, நான் ரெண்டு நாள் கழிச்சு இந்த பதிலோட வந்தேன். அத வெச்சு அவரே நாலு வரி எழுதுனா போதும். காலேஜ் மெயில் ஐடில இருந்து, லெட்டர்ஹெட்ல. ஜிமெயில் ஐடி போட்டா சந்தேகமா பாப்பாங்க.

சிவி ரெண்டு பக்கம், புதுசு மேல பழசு கீழ, மாசமும் வருஷமும் போட்டு, நடுவுல ஓட்டை இல்லாம. அப்பா பேரு, மதம், கல்யாணம் ஆச்சா இல்லையா, "மேற்கண்ட விவரங்கள் உண்மையென உறுதியளிக்கிறேன்" இதெல்லாம் எடுத்துடுங்க.

5. பணமும் விசாவும்

ப்ளாக்டு அக்கவுன்ட்ல ஒரு வருஷ செலவுக்கான காச முன்னாடியே போட்டு காட்டணும். 2024 செப்டம்பர்ல இருந்து அது 11,904 யூரோ, போனதுக்கு அப்புறம் மாசம் 992 யூரோ வீதம் உங்க கைக்கு வரும். இந்த தொகை அப்பப்ப ஏறும், 2023ல 11,208ஆ இருந்துச்சு, அதனால அப்ளை பண்ற அன்னிக்கு கான்சுலேட் பக்கத்துல பாத்துட்டு போடுங்க. வீட்ல சொல்லும்போது "ஃபீஸ் ஃப்ரீ"ன்னு மட்டும் சொல்லி நிறுத்திடாதீங்க. அரசு யுனிவர்சிட்டில பெரும்பாலும் ட்யூஷன் ஃபீஸ் இல்லதான், செமஸ்டர் கான்ட்ரிபியூஷன் மட்டும்தான், ஆனா பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல, அதாவது ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் பக்கம், ஐரோப்பாவுக்கு வெளில இருந்து வர்றவங்களுக்கு 2017ல இருந்தே செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் டெக்னிகல் யுனிவர்சிட்டியும் 2024 விண்டர்ல இருந்து ஃபீஸ் வாங்குது, மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4,000 இல்லன்னா 6,000 யூரோ, கோர்ஸ பொறுத்து. பேங்க் லோன் போடறவங்க இதெல்லாம் சேத்து கணக்கு போட்டு போங்க, அப்புறம் பாதில வீட்டு பத்திரத்த தேடாதீங்க.

விசா அப்பாயின்ட்மென்ட், டாக்குமென்ட் லிஸ்ட் விஷயத்துல நான் சொல்றத கூட நம்பாதீங்க, அது அடிக்கடி மாறுது. லிஸ்ட்ல இருக்கற வரிசைலயே பேப்பர அடுக்குங்க, அவ்ளோதான்.

6. ஏர்போர்ட் போறதுக்கு முன்னாடி ஆள தயார் பண்ணணும்

பெத்தவங்க புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, குக்கர்னு சூட்கேஸ நெரப்பறதுல காட்டற அக்கறைல கால்வாசிய இதுல காட்டுனா நல்லா இருக்கும். பையனுக்கு மூணு மாசம் முன்னாடியே சமையல், துணி, தன்னோட ரூம் இதெல்லாம் அவனையே பாக்க விடுங்க. இன்னொண்ணு, எதாவது ஒரு கவர்ன்மென்ட் ஆபிஸ் வேலைக்கு, ஆதார் அட்ரஸ் மாத்தறதோ ஆர்டிஓவோ, அப்பா கூட வராம தனியா அனுப்புங்க. சிரிக்காதீங்க, ஜெர்மனில முதல் மாசம் முழுக்க அதுதான் வேலை: வீடு புடிச்சு குடி வந்த ரெண்டு வாரத்துக்குள்ள அட்ரஸ் பதியணும், அதுக்கு ஹவுஸ் ஓனர் கையெழுத்து போட்ட ஃபார்ம் வேணும், அது இருந்தாதான் மத்த வேலையெல்லாம் நகரும். முக்கியமான விஷயமெல்லாம் தபால்ல வரும். லெட்டர் பாக்ஸ்ல உங்க பேர் ஒட்டலன்னா தபால்காரர் திருப்பி எடுத்துட்டு போயிடுவாரு, நான் ஒரு மாசம் பேங்க் கார்டுக்காக காத்திருந்தது இப்படித்தான், கடைசில பாத்தா செல்லோடேப் வாங்கி ஒரு துண்டு பேப்பர்ல பேர எழுதி ஒட்டாததுதான் குத்தம்.

பரீட்சைக்கு நீங்களே ஆன்லைன்ல ரெஜிஸ்டர் பண்ணணும், தேதி தாண்டுனா எழுத முடியாது. நெறய யுனிவர்சிட்டில ஒரு பாடத்துக்கு மூணு தடவதான் சான்ஸ், மூணாவதும் போனா அந்த படிப்பையே விட வேண்டியதுதான். நம்ம ஊர் மாதிரி அரியர் வெச்சு வெச்சு க்ளியர் பண்ணிக்கலாம்னு நினைக்காதீங்க. ஸ்டூடன்ட் ஹாஸ்டலுக்கு அட்மிஷன் வந்த அன்னிக்கே அப்ளை பண்ணுங்க.

ஜெர்மன் மொழி. கோர்ஸ் இங்கிலீஷ்தானேன்னு ஏ1ங்கற ஆரம்ப லெவல் கூட முடிக்காம வர்றவங்கள பாத்தா பாவமா இருக்கும். நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவன்ல சீட் கிடைக்கலன்னா ஆன்லைன்லயாவது அடுத்த லெவலான ஏ2 முடிச்சிட்டு ஏறுங்க. ஏன்னு அடுத்த பகுதில தெரியும்.

7. வேலைக்கு கவர் லெட்டர், அதாவது ஆன்ஷ்ரைபென்

ஸ்டூடன்ட் விசால வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள் வேலை பாக்கலாம், 2024 மார்ச்ல இருந்து இந்த கணக்கு, அதுக்கு முன்னாடி 120தான். கம்பெனில படிப்பு சம்பந்தப்பட்ட பார்ட் டைம் வேலைக்கு வெர்க்ஸ்டூடன்ட்னு பேரு, கிளாஸ் நடக்கற காலத்துல வாரம் 20 மணி நேரம். யுனிவர்சிட்டிலயே ப்ரொஃபசர்கிட்ட வேலை பாத்தா ஹிவி. சம்பளம் எங்கயா இருந்தாலும் குறைந்தபட்ச கூலிக்கு கீழ போகக்கூடாது, 2026 ஜனவரில இருந்து அது மணிக்கு 13.90 யூரோ.

லெட்டரோட அமைப்பு நம்ம பத்தாங்கிளாஸ் கடிதமேதான், சத்தியமா. மேல அனுப்புநர், கீழ பெறுநர், வலது பக்கம் ஊரும் தேதியும், அப்புறம் பொருள். "பொருள்"ங்கற வார்த்தைய போடாம வேலையோட பேரையும் விளம்பர நம்பரையும் தடிமனா ஒரே வரில போடணும். அப்புறம் பேர் சொல்லி வணக்கம். விளம்பரத்துல யார் பேராவது இருந்தா பெண்ணுன்னா "ஜேர் கெயேர்டெ ஃப்ராவ்", ஆணுன்னா "ஜேர் கெயேர்டர் ஹெர்", கூட அவங்க குடும்பப் பேரு. பேரு கிடைக்கலன்னா ஒரு ஃபோன் போட்டு கேளுங்க, அதுவும் முடியலன்னாதான் பொதுவா "ஜேர் கெயேர்டெ டாமன் உண்ட் ஹெரன்", மதிப்பிற்குரிய ஐயா அம்மான்னு. கடைசில "மிட் ஃப்ராயண்ட்லிஷென் க்ரூஸென்" (அன்பான வணக்கங்களுடன்), அதுக்கப்புறம் கமா கிடையாது, கையெழுத்து. கீழ இணைப்புகள். ஒரே பக்கம். ரெஸ்பெக்டட் சார், டூ த நீட்ஃபுல், கைண்ட்லி கன்சிடர் இதெல்லாம் இங்கிலீஷ் லெட்டர்ல கூட வேணாம்.

உள்ள என்ன எழுதறது? விளம்பரத்த பிரிண்ட் எடுங்க. அவங்க என்ன வேலைக்கு ஆள் தேடறாங்கன்னு ஒரு வரில எழுதிப் பாருங்க. "டெஸ்ட் பெஞ்ச்ல இருந்து வர்ற டேட்டாவ பைத்தான்ல பிரிச்சு ரிப்போர்ட் பண்ண ஆள் இல்ல." சரி, அப்ப உங்க முதல் பாரா அங்கயே ஆரம்பிக்கணும்: போன செமஸ்டர் லேப்ல இதே மாதிரி அளவீட்டு ஃபைலெல்லாம் கையால பிரிச்சிட்டு இருந்தோம், ஒரு நாள் முழுக்க போகும், நான் ஸ்கிரிப்ட் எழுதி பத்து நிமிஷத்துக்கு கொண்டு வந்தேன், ஸ்கிரிப்ட இப்ப அடுத்த பேட்ச்சும் யூஸ் பண்றாங்க. இத படிச்சதும் அந்த டீம் லீடருக்கு மண்டைல ஒரு படம் வரும், திங்கக்கிழமை காலைல இந்த ஆள எங்க உக்கார வெக்கலாம்னு. "நான் கடின உழைப்பாளி, சீக்கிரம் கத்துப்பேன், டீம் ப்ளேயர்"னு எழுதுனா ஒரு படமும் வராது.

ரெண்டாவது பாரால விளம்பரத்துல கேட்டிருக்கறதுல உங்ககிட்ட இல்லாதது ஒண்ண சொல்லலாம். "லேப்வியூ தெரியாது, மேட்லேப்ல இதே வேலைய பண்ணிருக்கேன்." அஞ்சுல மூணு இருந்தா போடுங்க, எல்லாம் இருந்தாதான் போடுவேன்னு நம்ம பொண்ணுங்க நெறய பேர் தள்ளிப் போடறாங்க, பசங்க ரெண்டு இருந்தாலே போட்டுடறாங்க.

மூணாவது பாரா வெறும் தகவல், ஆனா இதான் ஹெச்ஆர் முதல்ல தேடறது: எத்தனையாவது செமஸ்டர், எந்த தேதில இருந்து வர முடியும், வாரம் எத்தன மணி நேரம், எத்தன மாசம் இருப்பீங்க. சம்பள எதிர்பார்ப்பு கேட்டிருந்தா மணிக்கு இவ்ளோன்னு நம்பரா எழுதுங்க. மொழி லெவல உள்ளது உள்ளபடி.

மொழி விஷயத்துல நான் பட்டது சொல்றேன். ரெண்டாவது செமஸ்டர்ல ஒரு கம்பெனிக்கு லெட்டர், என் ஜெர்மன் ரூம்மேட் உக்காந்து அழகா திருத்திக் குடுத்தான், நானும் சும்மா ஒரு தைரியத்துல பி2ன்னு, அதாவது ஏ2க்கு ரெண்டு லெவல் மேல, போட்டுட்டேன், உண்மைல ஏ2க்கே நொண்டிக்கிட்டிருந்தேன். நாலு நாள்ல ஃபோன். ஒரு அம்மா கடகடன்னு ஜெர்மன்ல பேசுறாங்க, நான் "யா, யா"ங்கறேன். ஒரு கட்டத்துல அவங்க ஏதோ கேட்டு நிறுத்துனாங்க, அதுக்கும் யான்னேன். அது ஆமா இல்லன்னு சொல்ற கேள்வியே இல்ல போல. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் ரொம்ப தன்மையா இங்கிலீஷ்ல, "அந்த லெட்டர எழுதுனவரு பக்கத்துல இருக்காரா?"ன்னு கேட்டாங்க. டிராம் ஸ்டாப்ல நின்னுட்டு இருந்தேன், வந்த டிராம்ல ஏறாம விட்டுட்டேன். அதுக்கப்புறம் ஏ2ன்னே போட்டு, லெட்டரையும் எனக்கு தெரிஞ்ச எளிமையான ஜெர்மன்லயே எழுதி, ஒருத்தர்கிட்ட பிழை மட்டும் திருத்தி வாங்குனேன், பத்து பன்னெண்டு லெட்டர் போனதுக்கப்புறம் ஒரு எடத்துல வேலை கிடைச்சது. விளம்பரம் இங்கிலீஷ்ல இருந்தா இங்கிலீஷ்லயே எழுதலாம், தப்பே இல்ல.

அனுப்பறப்போ லெட்டர், சிவி, மார்க் ஷீட், யுனிவர்சிட்டி சேர்க்கை சான்று எல்லாத்தையும் சேத்து ஒரே பிடிஎஃப், ஃபைல் பேர்ல உங்க பேரு இருக்கணும், "நியூ ஃபைனல் 2" இல்ல. கம்பெனி பேரு, ஆள் பேரு, வேலை பேரு இந்த மூணையும் மட்டும் கடைசியா ஒரு தடவ சத்தமா படிங்க, போன கம்பெனிக்கு எழுதுனத காப்பி பண்றப்ப இந்த மூணுலதான் எல்லாரும் மாட்டுவாங்க. எந்த தேதில யாருக்கு அனுப்புனீங்கன்னு ஒரு நோட்ல எழுதி வைங்க, திடீர்னு ஃபோன் வந்தா எந்த கம்பெனின்னு முழிக்காம இருக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சும் பதில் இல்லன்னா விளம்பர நம்பர போட்டு ரெண்டு வரில ஒரு மெயில். அதுக்கும் பதில் வரலன்னா திரும்ப கேக்காதீங்க, அடுத்த விளம்பரத்த பிரிண்ட் எடுங்க.